பழைய காரில் பெட்ரோல் வாடை: ஒரு நிப்பிள் உடைந்த கதை

“பழைய காருன்னா பெட்ரோல் வாடை வரத்தாங்க செய்யும்.”

விக்கிரவாண்டியிலும் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் கை தேர்ந்த வேலைக்காரர்கள். ஆனாலும் இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வண்டி இருபது வருடம் ஓடியிருந்தாலும் டேங்கில் கிடக்கிற பெட்ரோல் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு மணக்கக் கூடாது. மணக்கிறது என்றால் எங்கோ ஒரு ஹோஸ் வெடித்திருக்கிறது, இல்லை ஹோஸ் மாட்டுகிற, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் நிப்பிள் உடைந்திருக்கிறது. வாடை எப்போது வந்தாலும் அதற்கு ஒரு இடம் இருக்கும். தேடினால் கிடைக்கும்.

எங்கள் வீட்டில் இருப்பது 2000களின் தொடக்கத்தில் வந்த சின்ன பெட்ரோல் கார். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கம்பெனி பெயர் இங்கே தேவையில்லை, இந்த வயதில் எந்தக் கம்பெனி வண்டியின் பிளாஸ்டிக்கும் இப்படித்தான் ஆகும். கூட்டேரிப்பட்டு தாண்டி நாற்கரச் சாலையில் ஓடும்போது ஒன்றும் தெரியாது. பொங்கல், தீபாவளிக்கு முன்னால் விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் வரிசை கட்டி நிற்குமே, அப்போதுதான் தெரியும். இன்ஜின் சூடு, ரோட்டுச் சூடு, காற்று அசைவே இல்லை. ஏசி ஊதுகிற காற்றிலேயே பெட்ரோல் வாடை வரும். பின்சீட்டில் இருக்கிற பிள்ளைக்கு வாந்தி வருகிற மாதிரி இருக்கும். மத்தியானம் முழுக்க வெயிலில் நிறுத்திவிட்டு வந்து கதவைத் திறந்தாலும் அதே வாடை.

ஓடும்போது இல்லாதது நிற்கும்போது ஏன் வருகிறது? இதற்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பெட்ரோல் ஒரே பொருள் இல்லை, பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் லேசானவை 35, 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். நம் ஊர் கத்திரி வெயிலில் தார் ரோட்டுக்குச் சில அங்குலம் மேலே தொங்குகிற டேங்க் எவ்வளவு சூடாகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே ஆவி நிறைந்துகொண்டே இருக்கும். முன்காலத்து வண்டிகளில் அந்த ஆவி மூடியில் இருக்கிற துளை வழியாக வெளியே போய்விடும். இப்போது அப்படி விடுவதில்லை. டேங்கின் மேலிருந்து ஒரு ஹோஸ் கிளம்பி முன்பக்கம் வந்து, கேனிஸ்டர் என்கிற கருப்பு டப்பாவில் சேரும். டப்பாவுக்குள் இருப்பது கரி. ஆவியைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். இன்ஜின் சூடேறி ரோட்டில் ஓடத் தொடங்கியதும் பர்ஜ் வால்வு திறக்கும். இன்ஜின் உறிஞ்சுகிற உறிஞ்சில் வெளிக்காற்று கேனிஸ்டர் வழியாகப் புகுந்து, கரியில் தங்கிய ஆவியை வாரிக்கொண்டு போய் இன்ஜினில் எரித்துவிடும். ஆவி வீணாகவும் போகாது, காற்றிலும் கலக்காது.

நிற்கும்போது ஆவி கேனிஸ்டரில் சேரும், ஓடும்போது காலியாகும். வழியில் ஒரு நிப்பிள் உடைந்திருந்தால், சேர வேண்டிய ஆவி உடைந்த இடத்தில் வெளியே வந்து பானட்டுக்கு அடியிலேயே தேங்கி நிற்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, தானாக மேலே எழுந்து போகாது. ஏசி அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கரியைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். காங்கேயம் பக்கம் கொட்டாங்குச்சியைச் சுட்டு ஆக்டிவேட்டட் கார்பன் செய்கிறார்கள், தண்ணீர் சுத்திகரிக்க அருமையான கரி. ஆனால் கார் கேனிஸ்டரில் பெரும்பாலும் மரத்திலிருந்து செய்த கரிதான் போடுகிறார்கள். கொட்டாங்குச்சிக் கரியின் துளைகள் மிகவும் நுணுக்கமானவை, பிடித்ததை லேசில் விடாது. கேனிஸ்டருக்குப் பிடிக்கவும் தெரிய வேண்டும், விடவும் தெரிய வேண்டும். பழைய கேனிஸ்டரைப் பிரித்து வேறு கரி கொட்டி அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

இந்த ஏற்பாடு வந்த கதை லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்குகிறது. அந்த ஊரில் கண்ணை எரிக்கிற புகைமூட்டம் எதனால் வருகிறது என்று 1950களின் தொடக்கத்தில் கண்டு சொன்னவர் அரீ ஹாகன்-ஸ்மிட் என்கிற வேதியியலாளர். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து ஓசோனாக மாறுகிறது என்று அவர் காட்டினார். சைலன்சரில் வருவது மட்டும் புகை இல்லை, சும்மா நிற்கிற வண்டியின் டேங்கிலிருந்து வருவதும் கெடுதிதான் என்று அதன் பிறகே உறைத்தது. கலிபோர்னியா 1970 மாடல் வண்டிகளிலிருந்து ஆவியைப் பிடிக்கிற ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது, அடுத்த வருடம் அமெரிக்கா முழுவதும் வந்தது. இந்தியாவின் பாரத் ஸ்டேஜ் விதிகளிலும் இதற்கு வரம்பு உண்டு. காரை அடைத்த அறைக்குள் நிறுத்தி, சூடேற்றி, வெளியே வரும் ஆவியை அளப்பார்கள். ஒரு சோதனைக்கு 2 கிராமைத் தாண்டக் கூடாது. ஒரு காரே 2 கிராமுக்குள் அடங்கியாக வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும்போது, உடைந்த நிப்பிளோடு ஒரு வண்டி வருடக்கணக்கில் ஓடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நாம் வாங்குகிற புகைச் சான்றிதழ் இதைப் பார்ப்பதே இல்லை. சைலன்சருக்குள் குழாயைச் செருகி அங்கே வருவதைத்தான் அளக்கிறார்கள். ஆவி ஹோஸ் துண்டாகத் தொங்கினாலும் சான்றிதழ் கிடைத்துவிடும். பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் டாஷ்போர்டு விளக்கும் எரியாது. அதனால் இதை வண்டிக்காரர்தான் கவனித்தாக வேண்டும்.

எங்கள் காரில் கேனிஸ்டரைக் கழற்றியபோது என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்தது. டேங்கிலிருந்து வரும் ஹோஸ் மாட்டுகிற நிப்பிள் என்றோ உடைந்திருக்கிறது. எங்களிடம் வருவதற்கு முன்பே யாரோ அதை எபாக்சி போட்டு ஒட்டி, மேலே கருப்பு டேப் சுற்றியிருக்கிறார்கள். டேப்பை உரித்ததும் எபாக்சி ஒரே கட்டியாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் இருந்த பிளாஸ்டிக்கில் அது ஒட்டவே இல்லை.

ஒட்டாததற்குக் காரணம் உண்டு. இந்த நிப்பிள்களும் கனெக்டர்களும் நைலான், அசிட்டால், பாலிப்ரொப்பிலீன் மாதிரியான பிளாஸ்டிக்குகள். பெட்ரோலுக்குக் கரையாத பிளாஸ்டிக் வேண்டும் என்றுதான் இவற்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அதே குணத்தால் பசையும் பிடிப்பதில்லை. ஃபெவிக்விக் போட்டால் அந்த நேரத்துக்கு நிற்கும், இன்ஜின் அதிர்விலும் சூட்டிலும் தெறித்துவிடும். எம்-சீல் குழாய்க் கசிவுக்கு நல்ல சாமான், இந்த வேலைக்கு இல்லை. சோல்டரிங் அயர்னால் உருக்கி ஒட்டுகிறேன் என்று யாராவது கிளம்பினால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். கேனிஸ்டருக்குள் இருக்கும் கரி பெட்ரோல் ஆவியைக் குடித்து வைத்திருக்கிறது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு பெட்ரோல் ஆவி கலந்தாலே தீப்பிடிக்கப் போதும்.

இதைவிட மோசமான வைத்தியம் ஒன்று நடைமுறையில் இருக்கிறது. ஹோஸின் வாயில் ஒரு போல்ட்டைச் செருகிக் கிளிப் போட்டு அடைத்துவிடுவது. “அது சும்மா காத்துப் போற பைப்புதான் சார், அடைச்சு வுட்டா வாடை வராது.” வாடை நிற்கும், உண்மைதான். ஆனால் டேங்க் மூச்சு விடுவதே அந்த வழியாகத்தான். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும், வெயிலில் ஆவி பெருகினால் வெளியேறியாக வேண்டும். அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பம்ப் திணறும், சில வண்டிகளில் டேங்கே உள்ளே சப்பிப்போகும். மூடியிலேயே சிறு வால்வு வைத்த வண்டிகள் ஓரளவு தப்பிக்கும். பங்கில் மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ஸென்று பலமாகச் சத்தம் வந்தால், எங்கோ அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏன் உடைகிறது? முதல் காரணம் சூடு. இருபது கோடையில் வெந்து ஆறி, வெந்து ஆறி, பிளாஸ்டிக் தன் நெகிழ்வை இழந்துவிடும். முருங்கைக் கிளை மாதிரி லேசாக அழுத்தினாலே ‘படக்’. பேட்டரி மாற்ற வந்தவரோ ஃபில்டர் மாற்ற வந்தவரோ கை இடித்தாலே போதும், உடைத்தவருக்கே தெரியாது. இரண்டாவது ரப்பர். பழைய ரப்பர் ஹோஸ் காய்ந்து முனையில் வெடித்து, நிப்பிளோடு ஒட்டிக்கொண்டுவிடும். அதைப் பிடித்து இழுக்கிறவர் நிப்பிளையும் சேர்த்து உடைப்பார். ஒட்டிய ஹோஸை இழுக்கவே கூடாது. பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிரித்து எடுக்க வேண்டும், ஹோஸ் போனால் போகட்டும்.

மூன்றாவது எத்தனால். 2022இல் 10 சதவீதக் கலப்பு, 2025இல் 20 சதவீதம் என்று நாடு முழுக்க வந்துவிட்டது. கரும்பிலும் மக்காச்சோளத்திலும் அரிசியிலும் செய்கிற எத்தனால். முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு வண்டிகள் போகிற ரோட்டில் வசித்துக்கொண்டு, கரும்புக்கு இன்னொரு விலை வழி பிறப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2000களின் தொடக்கத்தில் செய்த ரப்பர் இந்தக் கலப்பை எதிர்பார்த்துச் செய்ததில்லை. சில ரப்பர் உப்பும், சில ரப்பர் காய்ந்து விறைக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் பக்கத்து ரப்பர் ஹோஸ்களை எல்லாம் இப்போதே ஒருமுறை விரலால் அழுத்திப் பார்த்துவிடுவது நல்லது.

நான்காவது காரணம் எலி. வீட்டைச் சுற்றி நெல்லும் கரும்பும் மணிலாவும் இருக்கிற எங்கள் ஊரில் அறுப்பு முடிந்தால் எலி பானட்டுக்குள் குடியேறும். ஓரத்தில் பல் தடம் தெரிந்தால் வெடிப்பு இல்லை, எலி வேலை. புகையிலையைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள், சில நாள் கேட்கும். ஹோஸ் மேல் மெல்லிய இரும்பு வலையைச் சுற்றி விடுவதுதான் எனக்கு நம்பிக்கையான வழி.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் எந்தப் பக்கம் உடைந்திருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். வாடை மட்டும் வந்தால் டேங்குக்கும் கேனிஸ்டருக்கும் நடுவில். ஐடிலிங் ஏறி இறங்கி, வண்டி நின்று நின்று போனால், பர்ஜ் வால்வுக்கும் இன்ஜினுக்கும் நடுவில். அங்கே உடைந்தால் கணக்கில் வராத காற்று இன்ஜினுக்குள் போகும், ‘ஸ்ஸ்’ என்று உறிஞ்சுகிற சத்தம்கூடக் கேட்கும். எங்கள் வண்டியில் ஐடிலிங் ஒழுங்காக இருந்ததால் முதல் பக்கம்தான் என்று தேடினோம்.

வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும். மூடியைத் திறந்து டேங்கின் அழுத்தத்தை விட்டுவிட வேண்டும், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட வேண்டும். திறந்த வெளியில்தான் வேலை. கனமான ஆவி குழிக்குள் இறங்கித் தேங்கும் என்பதால் பட்டறைக் குழிக்கு மேலே நிறுத்தி இதைச் செய்யாதீர்கள். பக்கத்தில் கிரைண்டரோ வெல்டிங்கோ ஓடக் கூடாது. பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

புது கேனிஸ்டர் கிடைத்தால் அதுவே நல்லது. உற்பத்தி நின்றுபோன மாடலுக்கு அது எளிதில்லை. சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமான் கிடைக்கும், ஆனால் அங்கே கிடைப்பதும் அதே வயது பிளாஸ்டிக்தான். எனவே எங்கள் மெக்கானிக் அண்ணன் பித்தளை வழியைச் சொன்னார். “பிளாஸ்டிக்க ஒட்டப் பாக்காத தம்பி. மிச்சம் இருக்கிற அடிக்குள்ள பித்தளைய எறக்கு.”

உடைந்த நிப்பிளின் அடிப்பாகம் கேனிஸ்டரில் கொஞ்சம் நின்றிருந்தது. கேனிஸ்டரை வண்டியிலிருந்து இறக்கிக் காற்றோட்டத்தில் வைத்துவிட்டு, பிறகு கை டிரில்லால் மெல்ல அந்த அடியின் துளையைப் பெரிதாக்கினார். கரண்ட் டிரில் கிடையாது, அதன் மோட்டார் பொறி விடும். துளை கீழ்நோக்கி இருக்கும்படி டப்பாவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார், சுருள் உள்ளே போகக் கூடாது என்பதற்காக. உள்ளே போன ஒரு துணுக்கு பர்ஜ் வால்வில் சிக்கினால் வால்வு மூடாமல் நின்றுவிடும். பிறகு டேப் என்கிற மரைக் கருவியைப் போட்டு மரை வெட்டி, பித்தளை ஹோஸ் நிப்பிளை முறுக்கினார். மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றவில்லை. அது பெட்ரோலைத் தாங்கும்தான், ஆனால் அதன் பிசிறு உள்ளே போகும். பெட்ரோலுக்கென்று வருகிற மரை சீலன்ட்டைத் தொட்டு வைத்தார். பித்தளையின் உள்துளை பழைய நிப்பிளின் உள்துளையைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது, இதை வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும். சரியான அளவு ஹார்டுவேர் கடையில் இல்லையென்றால் விழுப்புரத்தில் எந்த லேத் பட்டறையிலும் கடைந்து கொடுப்பார்கள்.

நிப்பிள் உடைந்தது பர்ஜ் வால்வில் என்றால் இத்தனை பாடு வேண்டாம், வால்வையே மாற்றிவிடுங்கள்.

சில வண்டிகளில் ரப்பருக்குப் பதில் கெட்டியான நைலான் குழாயும், ‘டக்’கென்று மாட்டுகிற கனெக்டரும் இருக்கும். கழற்றும்போது பலர் நேராக இழுத்து உடைப்பார்கள். முதலில் அந்த மூட்டில் உள்ள மண்ணைப் பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு, கனெக்டரை உள்பக்கமாக அழுத்தி, பூட்டை அமுக்கிக்கொண்டு, அப்புறம்தான் இழுக்க வேண்டும். உடைந்துவிட்டால் கனெக்டரை மட்டும் மாற்றலாம். பழையதை நீளவாக்கில் கீறி எடுங்கள், கத்தி குழாயில் கோடு போடக் கூடாது. போட்டுவிட்டால் அந்த அளவு குழாயை வெட்டிவிடுங்கள். நைலான் முனையை நெருப்பில் காட்டாமல் கொதிக்கிற வெந்நீரில் முக்கி எடுத்தால் இளகும், அந்தச் சூட்டோடு புது கனெக்டரை அழுத்தி ஏற்றலாம். மாட்டுவதற்கு முன் உள்ளே இருக்கும் ஓ-ரிங்கில் ஒரு சொட்டு சுத்தமான இன்ஜின் ஆயில். ‘டக்’ சத்தம் கேட்ட பிறகும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

கனெக்டர் கிடைக்காதபோது, ஆவிக் குழாயில் மட்டும், பொருத்தமான ரப்பர் ஹோஸைப் பாலமாகப் போட்டு இருபக்கமும் கிளிப் போடலாம். இந்தக் குழாயில் அழுத்தம் மிகக் குறைவு, அதனால் தாங்கும். பக்கத்திலேயே ஓடுகிற பெட்ரோல் லைனில் இதைச் செய்யவே கூடாது. இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அந்த லைனில் சுமார் 3 பார் அழுத்தம் இருக்கும். ஹோஸ் பிய்த்துக்கொண்டால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் பீய்ச்சும். இரண்டு குழாயும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் வண்டிகள் உண்டு. எது எங்கே போகிறது என்று கையால் தடவிப் பின்தொடர்ந்து உறுதி செய்துகொண்ட பிறகே கத்தியை எடுங்கள்.

ஹோஸ் வாங்கும்போது பெட்ரோலுக்கானது என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். மீன் தொட்டிக் குழாய், வைப்பர் தண்ணீர்க் குழாய், கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் டியூப் எல்லாம் சில மாதத்தில் விறைத்துவிடும். ஸ்க்ரூ கிளிப்பை இந்தச் சின்ன ஹோஸில் பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் அதுவே ரப்பரை வெட்டும், ஸ்பிரிங் கிளிப் போதும். ஹோஸைச் சைலன்சர் பக்கம் போகாமல், நடுவில் தொங்கிப் பள்ளம் விழாமல் ஓட்டுங்கள். பள்ளத்தில் ஆவி குளிர்ந்து பெட்ரோலாகத் தேங்கி வழியை அடைக்கும்.

மாட்டி முடித்ததும் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, மிக லேசான காற்று கொடுத்துக் குமிழி வருகிறதா பார்க்கலாம். டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரசரை நேராக வைத்துவிடாதீர்கள், டேங்கும் வால்வும் அந்த அழுத்தத்துக்குச் செய்தவை இல்லை. வாயால் ஊதுவதும் வேண்டாம். பெட்ரோலில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்க விதி இடம் கொடுக்கிறது, அது புற்றுநோய் உண்டாக்குகிற பொருள். பின்சீட்டில் பிள்ளை உட்கார்ந்து அந்த வாடையை முகர்ந்ததுதான் என்னை இந்த வேலையில் இறக்கியது.

பித்தளை நிப்பிள் போட்ட பிறகு வெயிலில் நிறுத்திப் பார்த்தோம், டோல்கேட் வரிசையிலும் நின்று பார்த்தோம். வண்டிக்குள் வாடை இல்லை.

பங்கில் இப்போது நான் கண்டிப்பாகச் சொல்கிற ஒரு விஷயம், பம்ப் தானாக நின்றதும் போதும் என்பது. “ரவுண்டு பண்ணிடட்டுமா சார்” என்று பாசமாகக் கேட்பார்கள். தொண்டை வரைக்கும் நிரப்பினால் ஆவி போகிற வழியில் பெட்ரோலே போய் கேனிஸ்டரில் இறங்கும். பெட்ரோலில் நனைந்த கரி அதன் பிறகு முன்போல வேலை செய்யாது.

இன்னும் பார்க்க வேண்டியது டேங்கின் மேல் உட்கார்ந்திருக்கிற ஹோஸ். வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் ஊற்றாமல் தடுக்கிற வால்வு அங்கேதான் இருக்கிறது, அந்த ரப்பருக்கும் வண்டியின் வயதுதான். டேங்கை இறக்கினால்தான் கை எட்டும், டேங்க் காலியாக இருந்தால்தான் இறக்க முடியும். ஐப்பசி மழைக்கு முன்னால், பெட்ரோல் முள் கீழே கிடக்கிற ஒரு நாளாகப் பார்த்து வண்டியைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் அண்ணன். ஹோஸ் வாங்கி வைத்துவிட்டேன்.